பட்டறைத் தபால்: கார்புரேட்டரைக் கடைசியில் திறக்கலாம்

இந்த முறை பழைய பெட்ரோல் வேன்களைப் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள், அதாவது காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பழைய வகைக் கருவி உள்ளவை, பெரும்பாலும் மாருதி ஆம்னி. ராமநாதபுரம் கடற்கரையில் இன்னுமா இத்தனை ஓடுகின்றன என்று ஆசிரியர் குழுவில் கேட்டார்கள். ஓடுகின்றன. பின்சீட்டைக் கழற்றிவிட்டால் கருவாட்டுக் கூடையும் ஏற்றலாம், பிரியாணி அண்டாவும் ஏற்றலாம், பனைவெல்லச் சிப்பமும் ஏற்றலாம். அதே விலைக்கு இப்படி உழைக்கும் வேறு வண்டியை யாராவது காட்டட்டும், பார்க்கலாம்.

மண்டபம் வாசகர்: ஐயா, என்னிடம் 1996 மாடல் ஆம்னி இருக்கிறது. கருவாடு ஏற்றிக்கொண்டு பரமக்குடி வரை போய் வருகிறேன். முன்பு லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 9க்கு இறங்கிவிட்டது. மெயின் ஜெட்டை எடுத்துவிட்டுச் சின்ன ஜெட் போட்டால் சரியாகிவிடும் என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்கிறார். போடலாமா?

போடாதீர்கள். ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் திருகு. பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்றவுடன் கார்புரேட்டரைத் திறப்பது நம் பக்கத்தில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. உங்கள் வண்டி பிறந்தபோது எந்த ஜெட்டுடன் 14 கொடுத்ததோ அதே ஜெட்தான் இப்போதும் உள்ளே இருக்கிறது. பித்தளை ஜெட்டின் துளை தானாக இவ்வளவு பெரிதாகாது. யாராவது கம்பி விட்டுக் குடைந்திருந்தால் ஆகும். அப்படிக் குடைந்திருந்தால் அதே எண் போட்ட புது ஜெட்டை வாங்கிப் போடுங்கள், சின்னது வேண்டாம். சின்ன ஜெட் போட்டால் கலவையில் பெட்ரோல் குறையும், வண்டிக்கு இழுவை போகும். இழுவை போன வண்டியில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆக்சிலேட்டரை இன்னும் ஆழமாக மிதிப்பீர்கள். மிச்சமானது அங்கேயே போய்விடும். அதற்கு மேல், பெட்ரோல் குறைந்த கலவை அதிகச் சூட்டில் எரிந்து எக்ஸாஸ்ட் வால்வைக் கருக்கும். அந்த வேலைக்கு ஆகும் செலவில் பல மாதங்களுக்குப் பெட்ரோல் போடலாம்.

முதலில் இந்த 9 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெட்ரோல் முள்ளைப் பார்த்துச் சொன்ன கணக்கு என்றால் அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. பங்கில் டாங்க் நிறைய போடுங்கள். பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கி தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள், சில்லறைக்காக மேலும் ஊற்ற விடாதீர்கள். மீட்டரை எழுதிக்கொள்ளுங்கள். வழக்கம்போல் ஓட்டி, முக்கால் டாங்க் தீர்ந்த பிறகு அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், அதே போல நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். ஸ்பீடோமீட்டர் கேபிள் அவ்வப்போது நின்று நின்று ஓடும் வண்டியாக இருந்தால் இதுவும் பொய் சொல்லும். சாலையோரக் கிலோமீட்டர் கல்லுடன் ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

கணக்கு உண்மையாகவே 9 தான் என்றால், சக்கரத்தில் இருந்து தொடங்குங்கள். மண்டபத்தில் வண்டி நிற்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் உப்பு வரும். போதாததற்கு நீங்கள் ஏற்றுவது கருவாடு. உப்பு வண்டிக்குள்ளேயே சொட்டுகிறது. இந்த உப்பு முதலில் போய் உட்காரும் இடம் பின்சக்கர பிரேக் டிரம்மும் கைப்பிரேக் கேபிளும். கேபிள் உறைக்குள் துருப்பிடித்தால் நீங்கள் கைப்பிரேக்கை இறக்கினாலும் கேபிள் முழுதாகப் பின்வாங்காது. பிரேக்கை டிரம்மில் அழுத்தும் வீல் சிலிண்டர் பிஸ்டன் இறுகினாலும் இதே கதை. பிரேக் லேசாக உரசிக்கொண்டே வண்டி ஓடும். ஓட்டுபவருக்குத் தெரியாது, ஏனென்றால் அது கொஞ்சம் கொஞ்சமாக வந்த கோளாறு.

சோதிக்க ஒரு ரூபாய் செலவில்லை. உச்சிப்புளியில் இருந்து பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வந்து, சமதளத்தில் வண்டியைத் தானாக ஓய்ந்து நிற்க விடுங்கள். இறங்கி நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட அவசரப்படாதீர்கள், சுட்டுவிடும். மற்ற மூன்றைவிட ஒன்று அதிகம் சுடுகிறதென்றால் உங்கள் பெட்ரோல் அங்கேதான் எரிகிறது. பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். பின்சக்கரம் ஆக்சிலையும் சேர்த்துச் சுற்றுவதால் கொஞ்சம் கனமாகத்தான் சுற்றும். ஆனால் உரசும் சத்தம் வரக்கூடாது. டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து, சிலிண்டர் கிட் மாற்றி, புதுக் கேபிள் போடுவது கார்புரேட்டரைப் பிரிப்பதைவிடச் சின்ன வேலை.

டயர் காற்றை நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை. கதவோரத்திலோ கையேட்டிலோ சுமைக்கு உள்ள அளவு போட்டிருக்கும். காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள். கருவாட்டுச் சுமையுடன் காற்றுக் குறைந்த டயர் பெட்ரோலையும் தின்னும், தன்னையும் தின்னும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். இதைப் பற்றி எழுத எனக்குப் பல நாள் ஆசை. என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தண்ணீர்ப் பாதையில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. தண்ணீர் ஏறத்தாழ 80 டிகிரியை எட்டும் வரை அது மூடியே இருக்கும். என்ஜின் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காக. நம் பட்டறைகளில், வண்டி சூடாகிறது என்று வந்தால் முதல் வைத்தியம் அதைக் கழற்றித் தூர எறிவது. "இது குளிர் நாட்டுச் சாமான், ராமநாதபுரத்து வெயிலுக்கு எதற்கு" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வால்வு இல்லாத என்ஜின் திறந்த சாலையில் காற்றடிக்க ஓடும்போது வேண்டிய சூட்டை எட்டுவதே இல்லை. குளிர்ந்த சுவரில் பட்ட பெட்ரோல் ஆவியாகாமல் துளியாக நிற்கும். துளி முழுதாக எரியாது. எரியாதது புகைக்குழாய் வழியே கொஞ்சம் போகும், சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே கொஞ்சம் இறங்கும். டாஷ்போர்டில் சூட்டு முள் நெடுஞ்சாலையில் அடியிலேயே படுத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் உங்கள் வண்டியில் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்டது.

வால்வைத் திரும்பப் போட்டால் பழைய சூடு வருமே என்பீர்கள். வரும். அந்தச் சூட்டுக்குக் காரணம் ரேடியேட்டர். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிவம் கட்டி, தண்ணீர் ஓட வழியே இருக்காது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலண்ட் ஊற்றுங்கள். கூலண்டில் கலக்க வீட்டில் பிடித்து வைத்திருக்கும் காவிரித் தண்ணீரும் வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரே நல்லது.

மூன்றாவது, பொறி. உங்கள் வண்டியில் பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பிளாட்டினம் பாயிண்ட் இருந்தால் அதன் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர். பாயிண்ட் தேய்ந்து இடைவெளி சுருங்கினால் பொறி தாமதமாக விழும். தாமதமாக எரிந்த பெட்ரோல் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் சைலன்சரைச் சூடாக்கும். பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கவாட்டில் ஒரு வட்டத் தகர டப்பாவும் அதற்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாயும் இருக்கும். மெதுவாக, சீராகப் போகும்போது பொறியை முன்கூட்டியே விழவைத்துப் பெட்ரோலை மிச்சப்படுத்தவே அது இருக்கிறது. குழாய் வெடித்திருந்தால் வண்டி நன்றாகத்தான் ஓடும். ஸ்டார்ட் ஆகும், இழுக்கும், எந்தக் குறையும் தெரியாது, மைலேஜ் மட்டும் வராது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பாருங்கள். உறிஞ்சிய இழுப்பு அப்படியே நின்றால் நல்லது. காற்று கசிந்தால் உள்ளிருக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது. அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கு ஏற்பப் பொறியை முன்தள்ள இரண்டு சின்ன எடைகள் ஸ்பிரிங்கில் ஆடும். உப்புக்காற்றில் அவை துருப்பிடித்து இறுகிக் கிடப்பதை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். ஒரு சொட்டு ஆயிலில் தீரும் வேலை.

இவ்வளவும் முடிந்து, ஏர் ஃபில்டரையும் மாற்றிய பிறகும் கணக்கு 12ஐத் தாண்டவில்லை என்றால், அப்போது கார்புரேட்டரைத் திறக்கலாம். திறந்தாலும் பார்க்க வேண்டியது ஃப்ளோட் என்ற மிதவையும், அது ஏறும்போது பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில் வால்வும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே தண்ணீர் ஆடுவது போலச் சத்தம் கேட்டால் அது பெட்ரோல் குடித்துவிட்டது, மூழ்கிப் போய் மட்டத்தை ஏற்றிவிடும். நீடில் வால்வின் நுனியில் வளையம் போலத் தேய்ந்த கோடு தெரிந்தால் மாற்றுங்கள். பொறி விழும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கார்புரேட்டர் என்ன செய்கிறது என்று அதுவே சொல்லும். கரி பூசியது போல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்த சுண்ணாம்பு நிறம் என்றால் குறைவு. காய்ந்த பனையோலையின் பழுப்பு நிறம் இருந்தால் உங்கள் ஜெட்டை யாரும் தொட வேண்டியதில்லை.

தொண்டி வாசகி: அண்ணன் அவர்களுக்கு, நான் சமையல் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். ஊருக்குள்ளேயே ஆம்னியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். வண்டியை என் மகன்தான் ஓட்டுகிறான். லிட்டருக்கு 8 கூட வரவில்லை. காலையில் சோக் இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. வண்டிக்குள் சில சமயம் பெட்ரோல் வாடையும் வருகிறது. என்ன செய்வது?

கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, பெட்ரோல் வாடை, அதை முதலில் பார்க்க வேண்டும் அம்மா. ஆம்னியில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வாடை வருகிறதென்றால் உட்காரும் இடத்துக்குக் கீழே, சூடான என்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிகிறது என்று அர்த்தம். இது மைலேஜ் விஷயம் இல்லை. பெட்ரோல் குழாய், கிளிப், பம்ப்பின் ஜவ்வு, கார்புரேட்டரின் ஓரம், எல்லாவற்றையும் பார்க்கும் வரை அந்த வண்டியில் அடுப்பையோ சூடான அண்டாவையோ ஏற்ற வேண்டாம். இன்றைக்கே பட்டறைக்கு அனுப்புங்கள்.

சோக் விஷயத்துக்கு வருகிறேன். சோக் என்பது காற்றை அடைத்துப் பெட்ரோலைக் கூட்டும் கதவு. தொண்டி வெயிலில் அது சில நொடிகளுக்கு மேல் தேவைப்படக் கூடாது. மகனிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு முழுதாக உள்ளே தள்ளுகிறாரா, அல்லது "நின்றுவிடுமோ" என்று பாதியில் விட்டுவிட்டுக் கிளம்புகிறாரா? பாதியில் விட்டால் ஊரைச் சுற்றி வரும் வரை அது குடித்துக்கொண்டே இருக்கும். தள்ளியே வைத்தாலும், கேபிள் துருப்பிடித்துக் கதவு முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, சோக்கை உள்ளே தள்ளச் சொல்லிவிட்டுக் கதவு நேராக நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். சூடான பிறகும் சோக் இல்லாமல் என்ஜின் ஓடவில்லை என்றால், நின்றபடி ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது கார்புரேட்டருக்கு அடியில் கேஸ்கட் வழியே காற்று உறிஞ்சுகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியானாலும் உங்கள் வண்டிக்கு 14 வராது. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிறுத்தி, சாப்பாடு இறக்கி, மறுபடி கிளம்பும் வண்டியின் என்ஜின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. 11 வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். வீட்டு வாசலில் அண்டா இறக்கும் நேரத்தில் என்ஜினை ஓடவிட்டு நிற்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். நின்றபடி ஓடும் சின்ன பெட்ரோல் என்ஜின் மணிக்கு அரை லிட்டர் அளவுக்குக் குடிக்கும். இரண்டு தெருவுக்கு இரண்டு முறை போவதை ஒரே சுற்றாக ஆக்கினால், அது எந்த மெக்கானிக்கும் தர முடியாத மிச்சம்.

பாம்பன் வாசகர்: ராமேஸ்வரம் போகும்போது நல்ல மைலேஜ் கொடுக்கும் வண்டி, ராமநாதபுரம் போகும்போது கொடுப்பதில்லை. ஆனி, ஆடியில்தான் இப்படி. வண்டியில் என்ன கோளாறு?

வண்டியில் கோளாறு இல்லை, கச்சான் காற்றில். அந்த மாதங்களில் மேற்கில் இருந்து அடிக்கிறது. ராமேஸ்வரம் போகும்போது முதுகைத் தள்ளுகிறது, திரும்பும்போது நெஞ்சில் அடிக்கிறது. ஆம்னி முன்பக்கம் சப்பையான பெட்டி. காற்றை வெட்டிப் போகத் தெரியாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. நீங்கள் 60ல் போகிறீர்கள், எதிர்க்காற்று 20ல் வருகிறது என்றால் வண்டி 80ல் வரும் காற்றைச் சந்திக்கிறது. எதிர்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. அதே காற்று பின்னால் இருந்து வந்தால் சந்திப்பது 40 மட்டுமே, எதிர்ப்பு பாதிக்கும் கீழே. போகும்போது கிடைத்த லாபம் வரும்போது கொடுத்த நஷ்டத்தை ஈடுகட்டாது என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. அதனால் மைலேஜ் கணக்குப் பார்ப்பவர்கள் எப்போதும் போய்வந்த தூரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

கச்சான் நாட்களில் செய்யக்கூடியது வேகத்தைக் குறைப்பதுதான். கூரையில் கேரியர் இருந்து, அதில் எதுவும் ஏற்றாத நாட்களில் கழற்றி வையுங்கள். வெறும் கேரியரும் காற்றைப் பிடிக்கும். பிளாஸ்டிக் தார்ப்பாயைக் கட்டிவிட்டு அதன் ஓரம் படபடக்க ஓட்டுபவர்களைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் படபடப்புக்கும் பெட்ரோல்தான் கூலி.

அதே வாசகர்: பாலத்தின் உச்சியில் இருந்து இறங்கும்போது நியூட்ரல் போட்டு, சாவியை அணைத்துவிட்டால் மிச்சம்தானே?

அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் 1988ல் திறந்ததில் இருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. பாலத்தின் மொத்த நீளமே இரண்டேகால் கிலோமீட்டர் சொச்சம். அதில் இறக்கம் எவ்வளவு, அதில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் பெட்ரோல் எவ்வளவு? ஒரு டீஸ்பூன் கணக்கு. என்ஜினை அணைத்தால் என்ஜின் இழுப்பால் பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டர் உள்ள வண்டியில் ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். சாவியைத் தவறிப்போய் முழுதாகத் திருப்பி எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பக்கக்காற்று வண்டியைத் தள்ளும் இடத்தில், கடலைப் பார்க்க வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கும் சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே, இதைச் செய்ய உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? கியரிலேயே இறங்குங்கள்.

கீழக்கரை வாசகர்: வெளிநாட்டில் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறையில் வரும்போது மட்டும் வாப்பாவின் பழைய ஆம்னியை ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் மைலேஜ் குறைந்துகொண்டே வருகிறது. பெட்ரோலில் எத்தனால் கலப்பதுதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் கலந்த பெட்ரோலில் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு சக்தி குறைகிறது. 14 கொடுத்த வண்டி 13 கொடுக்கும். அதற்கு மேல் குறைந்தால் எத்தனால் மேல் பழி போட முடியாது.

ஆனால் கார்புரேட்டர் வண்டிக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. புது வண்டியில் சென்சார் அதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. பழைய துளையில் பழைய அளவே ஊற்றும். கலவை சற்று வறண்டு போகும். அதனால் சிலருக்குச் சோக் அதிகம் தேவைப்படும், ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது தடுமாறும். அதைச் சமாளிக்க மிதித்து மிதித்து ஓட்டுவதில் இன்னும் கொஞ்சம் போகும். இந்தக் கடிதங்களில் சின்ன ஜெட் கேட்கும் எல்லோரும் இதைக் கவனியுங்கள்: எத்தனால் வந்த பிறகு சின்ன ஜெட் இரட்டைத் தவறு.

உங்கள் வண்டியில் பெரிய சேதம் ஓட்டத்தால் வருவதில்லை, நிற்பதால் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கீழக்கரைக் கடற்காற்றில் பாதி டாங்க்குடன் மாதக்கணக்கில் நின்றால், ஈரம் சேர்ந்து ஒரு கட்டத்தில் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டாங்க்கின் அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். இரும்பு டாங்க் உள்ளே துருப்பிடிக்கும், அந்தத் துருத்தூள் ஜெட்டுக்குப் போகும். கார்புரேட்டர் கிண்ணத்தில் நின்ற பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகப் படியும். பழைய ரப்பர் குழாய்களும் ஜவ்வும் ஊறிப்போய் விரியும் அல்லது வெடிக்கும். 1990களில் செய்த ரப்பர் எதுவும் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்ததல்ல.

அடுத்த முறை வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன், டாங்க்கில் உள்ளதை முடிந்தவரை ஓட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தை மெக்கானிக்கை வைத்து வடித்துவிடுங்கள். பம்ப்புக்கு வரும் குழாயை அவரையே அடைக்கச் சொல்லி, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள், கிண்ணம் காலியாகிவிடும். கைப்பிரேக்கைப் போட்டு வைக்காதீர்கள், டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, முதல் கியரில் விடுங்கள். திரும்பி வந்ததும் பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் புதுக் குழாயாக மாற்றுங்கள். பம்ப் ஜவ்வையும் கார்புரேட்டர் ரப்பர் கிட்டையும் அதே கையோடு மாற்றிவிடலாம். உங்கள் வண்டிக்கு மட்டும் நான் கார்புரேட்டரை முதலில் திறக்கச் சொல்கிறேன்.

சாயல்குடி வாசகர்: பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். பெட்ரோலைக் காந்தம் ஒன்றும் செய்யாது.

தேவிபட்டினம் வாசகர்: வீட்டு கேஸ் சிலிண்டரை ஆம்னியில் வைத்து ஓட்டுகிறார்கள். பெட்ரோலைவிட மிகவும் மலிவு. நானும் செய்யலாமா?

செய்யக் கூடாது. சட்டப்படிக் குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். சமையல் சிலிண்டர் வண்டி குலுங்குவதற்காகச் செய்ததல்ல. கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, மேலே போகாது. வண்டியின் தரையிலேயே தேங்கும். அந்தத் தரைக்கு அடியில்தான் என்ஜினும் பொறியும். அங்கீகரிக்கப்பட்ட கிட், வாகனத்துக்கான டாங்க், பதிவுச் சான்றிதழில் மாற்றம் என்று முறையாகச் செய்வதானால் அது வேறு பேச்சு. சமையல் சிலிண்டரோடு வரும் வண்டியை நான் பட்டறைக்குள் விடுவதில்லை.

ராமேஸ்வரம் வாசகர்: சுற்றுலாப் பயணிகளைத் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஏற்றிப் போகிறேன். ஏர் ஸ்க்ரூவை நானே திருப்பி மைலேஜ் கூட்ட முடியுமா?

அந்த ஸ்க்ரூ வண்டி நின்றபடி ஓடும்போது உள்ள கலவைக்குத்தான். சாலையில் 50ல் போகும்போது பெட்ரோலைக் கொடுப்பது மெயின் ஜெட். அதை இந்த ஸ்க்ரூ தொடுவதே இல்லை என்று சொல்லலாம். இருந்தாலும் நீங்கள் பயணிகளுக்காகக் காத்து நிற்கும் ஆள் என்பதால் சொல்கிறேன். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏர் ஃபில்டர் மாட்டிய நிலையில், விளக்குகளை அணைத்துவிட்டு, ஸ்க்ரூவைக் கால் திருப்பாகத் திருப்பி என்ஜின் எங்கே அதிக வேகமாக ஓடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். வேகம் கூடியிருந்தால், நின்றபடி ஓடும் வேகத்தை வைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவால் குறையுங்கள். மறுபடி அதையே செய்து, கடைசியில் வேகம் லேசாக இறங்கத் தொடங்கும் வரை உள்பக்கம் திருப்பி விடுங்கள். இறுக்கி முடுக்காதீர்கள், ஊசி முனை நசுங்கும்.

சரியாக வந்ததா என்று பார்க்கப் புகைப் பரிசோதனைச் சீட்டே போதும். உங்களுடையது போன்ற, பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு முந்தைய வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. 2.8 வந்து பாஸ் ஆனால் சிரித்துக்கொண்டு சீட்டை மடித்து வைப்பார்கள்; பாதி வேகாத பெட்ரோல் அதில் போகிறது. 1க்கும் 1.5க்கும் நடுவே வரட்டும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவைத் திருப்ப அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அரிச்சல்முனை போய் வரும் வண்டி என்பதால் இன்னொன்று. 2017ல் சாலை வந்த பிறகும் அங்கே காற்றில் மணல் வந்து தாரில் படிகிறது. அந்த உப்பு மணல் டிரம்முக்குள்ளும் ரேடியேட்டர் தகட்டுக்குள்ளும் போகும். மாலையில் வண்டியின் மேல்பக்கத்தைப் பளபளப்பாகத் துடைத்துவிட்டு அடிப்பக்கத்தை விட்டுவிடுகிறீர்கள். மாற்றிச் செய்யுங்கள், நல்ல தண்ணீரில் அடிப்பக்கம், சக்கரத்தின் உள்பக்கம், ரேடியேட்டர்.

உச்சிப்புளி வாசகர்: என் வண்டி இப்போது 8 கொடுக்கிறது. பிரேக், ரேடியேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் சேர்த்துச் செலவு செய்தால் 10 வரும் என்கிறார் மெக்கானிக். தம்பியின் வண்டி 14ல் இருந்து 16 ஆகியிருக்கிறது. எனக்கும் அதே இரண்டு தானே கூடுகிறது, இதற்கு இவ்வளவு செலவா?

அதே இரண்டு இல்லை. 100 கிலோமீட்டருக்குக் கணக்குப் போடுங்கள். 8 கொடுக்கும் வண்டி பன்னிரண்டரை லிட்டர் குடிக்கும், 10 கொடுத்தால் பத்து லிட்டர். உங்களுக்கு மிச்சம் இரண்டரை லிட்டர். தம்பிக்கு ஏழு லிட்டர் சொச்சத்தில் இருந்து ஆறேகால். மிச்சம் ஒரு லிட்டர்கூட இல்லை. பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் நாளில், நூறு கிலோமீட்டர் ஓடும் ஒவ்வொரு முறையும் உங்கள் பையில் 250 ரூபாய்க்குக் குறையாமல் நிற்கும். மெக்கானிக் சொன்ன தொகையை 250ஆல் வகுத்துப் பாருங்கள், எத்தனை நூறு கிலோமீட்டரில் திரும்பி வரும் என்று தெரிந்துவிடும். பிரேக்கை முதலில் செய்யச் சொல்லுங்கள். அது முடிந்ததும் ஒரு டாங்க் ஓட்டிக் கணக்குப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் பணம் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டால் எது வேலை செய்தது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.